மூணாம் குரலுக்குத்தான் கதவு

மூக்கம்மா சாக்பீஸை எடுப்பதற்கு முன்னாலேயே அழகையா வீட்டுச் சுவரில் அன்றைய வட்டம் இருந்தது.

நேற்றுப் போட்டதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் நேற்றைய வட்டம் அதற்குப் பக்கத்திலேயே சாரல் பட்டுப் பாதி கரைந்து கிடந்தது. முந்தாநாள் வட்டம் வெறும் வெள்ளைத் தடமாகிவிட்டது. இது புதுசு. விரலால் தொட்டாள், மாவு ஒட்டியது. பூண்டுக் காட்டில் மண்வெட்டி போட்டுப் போட்டுத் தேய்ந்த அவளுடைய வலது தோள் ஒரு உயரத்துக்கு மேல் எழும்பாது. அதனால் அவள் போடும் வட்டம் எதுவும் உச்சியில் மூடாது. வாயைத் திறந்துகொண்டு நிற்கிற ஆள் மாதிரி கொஞ்சம் பிளந்தே இருக்கும். இந்த வட்டமும் பிளந்துதான் இருந்தது.

மத்தியானச் சோற்று நேரம் இப்போதுதான் கழிந்திருந்தது. அதற்குள் பேத்துப்பாறைப் பக்கமிருந்து மஞ்சு புகைப்பனியாக ஏறி வந்து சீகைமேட்டு ஊரையே மூடிவிட்டது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கோ கட்டிப்போட்ட ஆட்டின் கத்தல், தன் பூட்ஸ் சேற்றிலிருந்து பிடுங்கும் சத்தம், இவ்வளவுதான் உலகம். முகமூடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"அழகையாண்ணே..."

பதில் இல்லை. வராது என்று அவளுக்கும் தெரியும்.

"அழகையாண்ணே..."

சொட்டுச் சத்தம்.

"அழகையாண்ணே..."

"ஏம்மா மூக்கம்மா, ஒனக்கு வேற சோலியே இல்லையா?" உள்ளேயிருந்து சலிப்பாக வந்தது அழகையாவின் குரல். "இப்பத்தானே மூணு குரல் குடுத்துக் கேட்டுட்டுப் போனே. காய்ச்சலும் இல்லே, கருமமும் இல்லேன்னு சொன்னேனே."

"நானாண்ணே?"

"பின்னே கலெக்டரா வந்தாரு? வாயில வச்ச சோத்தை முழுங்கிட்டுப் பதில் சொன்னேன். தட்டுக்கூட இன்னும் கழுவல. போ, போயி அடுத்த வீட்டுக்காரன் உசுரை வாங்கு."

மனுசன் பகலிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டாள். சிரித்தபோது தொண்டையில் ஏதோ முள் மாதிரி உரசியது. சுவரில் இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சாக்பீஸோடு நின்றாள். பிறகு போடாமலே நடந்தாள்.

காய்ச்சல் வந்தது ஐப்பசி மழையோடு. பேர் தெரியாத காய்ச்சல். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மெட்ராசுக்குப் போனது, பதில் வரவில்லை. டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, என்ன இல்லை என்பதுதான் தெரிந்ததே ஒழிய என்ன என்பது தெரியவில்லை. முதலில் நடுக்கம். விரல் நுனியில் தொடங்கும். பிறகு கை, பிறகு பல். கடைசியில் ஆள் படுத்திருக்கிற இரும்புக் கட்டில் சுவரில் மோதிக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வெளியே பாதை வரைக்கும் கேட்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பல நேரம் நின்றுவிடும். மலையிறங்கிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான்.

பாதையைக் கட்டை போட்டு அடைத்தார்கள். பூண்டுக் காட்டு வேலை நின்றது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு வரத் தினக்கூலிக்கு ஆள் வேண்டும் என்றபோது யாரும் முன்வரவில்லை. மூக்கம்மா வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, பூட்ஸ், முகமூடி, ஒரு டப்பா சாக்பீஸ் கொடுத்தார்கள். கேட்டு முடித்த வீட்டுச் சுவரில் வட்டம் போட வேண்டும்.

ஆனால் கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. சீகைமேட்டில் பாதிப் பேர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், பாதிப் பேர் மலையடிவாரத்திலிருந்து ஏறியவர்கள். எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள். மஞ்சு இறங்கிவிட்டால், வெளியே இருந்து யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் பதில் கொடுக்கக் கூடாது. காலரா நடமாடிய காலத்தில் அது வாசலில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடுமாம். என்னாங்க என்று கேட்டவன் காலையில் இருக்க மாட்டானாம். ஆனால் அதற்கு இரண்டு குரலுக்குத்தான் மூச்சு. மூன்றாவது குரல் கொடுக்கிறது மனுசன்தான்.

"ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரமா அக்கா?" என்று சுகாதார ஆய்வாளர் செல்வமுருகன் சலித்துக்கொண்டபோது, வழி சொன்னதே மூக்கம்மாதான்.

"ஒரு தடவை கூப்புட்டுட்டு நிக்கிறதுக்குப் பதிலா, மூணு குரலும் சேத்துக் குடுத்துட்டா வெரசா தொறப்பாங்க சார்."

அப்படியே செய்யச் சொன்னார். மேலே, கீழே, எல்லா வரிசையிலும் அவள் குரல் மூன்று மூன்றாக ஒலித்தது. சனங்களும் பழகிவிட்டார்கள். கோட்டும் முகமூடியும் போட்டவளுக்கு முகம் எங்கே இருக்கிறது? குரல்தான் மூக்கம்மா.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தன் வீட்டு வேலிக்கு வந்தாள். வரிசை வீடுகளை எல்லாம் விட்டுத் தள்ளி, ஓடைப் பாதையில் ஒற்றையாக இருக்கும் பழைய லயத்துக் காம்பரா அது, தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய ஒற்றை அறை. உள்ளே அவள் மகள் கலைமணி. வயிற்றில் பிள்ளையோடு பிரசவத்துக்கு வந்தவள், பாதை அடைபட்டு மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை யோகராஜ் கீழே பெரியகுளத்தில் வேன் ஓட்டுகிறான். காய்ச்சல் வீடுகளுக்குப் போய் வருகிற உடம்போடு மகள் பக்கத்தில் போகக் கூடாது என்று மூக்கம்மா பூண்டு உலர்த்துகிற கொட்டகையில் தனியாகப் படுத்துக்கொள்கிறாள். ஒரு நாளைக்கு ஒருதரம், இந்த வேலியில் நின்று பேசுவதுதான் பேச்சு. மற்றதெல்லாம் கேள்வி. காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, வெளியாள் வந்தாங்களா.

"கலைமணி..." என்று மூன்று குரல் கொடுத்தாள்.

ஜன்னல் பலகை திறந்தது. விளக்கு வெளிச்சத்தில் மகளின் முகம்.

"இந்தா இருக்கேன்மா."

"என்ன புள்ள, உள்ள இருக்கிற தொரை ஒதைக்கிறாரா?"

"ஒதைக்கிறாரு, ஒதைக்கிறாரு. பேரனா இருந்தா தொரை, பேத்தியா இருந்தா?"

"தொரைசானி. கேட்கவா வேணும்? சாப்புட்டியா?"

"ரசம். நீ?"

"ஆபீஸ்ல பொட்டலம் குடுத்தாங்க."

"குரல் என்னம்மா கம்மிப்போச்சு? காய்ச்சலா?" கலைமணியின் முகம் மாறிவிட்டது.

"கத்திக் கத்திப் போச்சு. ஊரையே கூப்புடுற சோலியில்ல பாக்குறேன். நீ சொன்னதை ஞாபகம் வச்சிருக்கியா?"

"யாரு தட்டினாலும் தொறக்க மாட்டேன். நீ மூணு குரல் குடுத்தாத்தான். எத்தனை வாட்டி சொல்லுவே? சின்னப் பிள்ளையா நான்?"

ஜன்னல் மூடிக்கொண்டது. பலகை இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கம்மா இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் கொட்டகைக்குப் போய், உத்தரத்தில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தாள். கையில் ப்ளீச்சிங் பவுடர் வாடை. தலைக்கு மேலே பூண்டு வாடை. பக்கத்தில் மூச்சு விட இன்னொரு உயிர் இல்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து போனபோது அழகையா வீட்டிலிருந்து கட்டில் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடகட. கடகட. ஆம்புலன்ஸ் ஆட்கள் தூக்கி வெளியே கொண்டுவரும்போது அவர் கை காற்றில் எதையோ கொட்டடித்துக்கொண்டே போனது.

காலையில் துணை சுகாதார நிலையத்து வாசலில் கூடுவதை மூக்கம்மா 'பிரட்டு' என்பாள். தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுப்பதற்கு அவள் அம்மா சொன்ன வார்த்தை. அன்று பிரட்டுக்கு அவளும் செல்வமுருகனும் மட்டும்தான். சுவரில் ஒட்டிய சார்ட்டில் சீகைமேட்டு வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, காய்ச்சல் கண்ட வீட்டுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு கோடு கிளம்பியது. கோடெல்லாம் வீடுகளுக்கு வெளியே, சார்ட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே அவள் பேர் எழுதியிருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க." அவர் தூங்கிப் பல நாளாகியிருக்கும், கண் உள்ளே போயிருந்தது. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி யாரு வந்தான்னு கேட்டா, ஒருத்தர் விடாம ஒங்க பேரைச் சொல்றாங்க."

"நான்தானே சார் தினம் போறேன்? வேற யாரு பேரைச் சொல்லுவாக?"

"ரெண்டு வாட்டி வந்தீங்கன்னு சொல்றாங்க. எல்லாருமே. மொதல்ல ஒரு வாட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு வாட்டி."

மூக்கம்மாவுக்கு அழகையாவின் கழுவாத தட்டு நினைவுக்கு வந்தது.

"நேத்து மேல் வரிசைக்குப் போனீங்களா?"

"இல்லே சார். மேல போகும்முன்ன தொண்டை கட்டிப்போச்சு. நாளைக்குப் பாப்போம்னு விட்டுட்டேன்."

"மேல எல்லாச் சுவத்துலயும் நேத்து வட்டம் இருக்கு. இன்னிக்கு அங்க ரெண்டு வீட்ல நடுக்கம்."

"சார், சத்தியமா..."

"காய்ச்சலே இல்லாம நோயைச் சுமந்துக்கிட்டுத் திரியிறவங்க உண்டுக்கா. அவங்களுக்கே தெரியாது. நீங்க ஞாபகமில்லாமப் போயிருக்கலாம். அலுப்புல நடக்குறதுதான்." கையுறை போட்டுக்கொண்டு அவளிடம் ரத்தம் எடுத்தார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் கொட்டகையை விட்டு வெளிய வராதீங்க. மக வீட்டுப் பக்கம் போகவே போகாதீங்க."

கடைசி வார்த்தைதான் ஊசியை விட ஆழமாக இறங்கியது. கொட்டகைக்கு நடந்து வரும் வழியெல்லாம், வேலியில் நின்று எத்தனை மூச்சு அந்த ஜன்னல் பக்கம் விட்டிருப்பேன், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். வழியில் இருந்த ஜன்னல்கள் அவளைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

கொட்டகையில் படுத்தாள். தூங்கினாளா இல்லையா என்று சொல்ல முடியாது. பகல் முழுக்க மழை தகரத்தில் பெய்து ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகு வந்த அமைதியில் பூண்டுத் தோல்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு, மூலையில் எலி, ஓடையின் இரைச்சல், அதற்கும் அப்பால் ஆம்புலன்ஸ் வளைவில் திரும்பும் ஓசை எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. கதவு இடுக்கில் தெரிந்த வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. பொழுது சாய்கிறது. மகள் இந்நேரம் ஜன்னலடியில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பக்கூட ஆளில்லை. போனில் சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லை. மேல் வளைவுக்குப் போனால்தான் எடுக்கும்.

அப்போது கேட்டது.

தூரத்தில், கீழ் வரிசையில், யாரோ வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தாள். நல்லதுதான். கூலி போனால் போகட்டும். புரண்டு படுத்தாள். குரல் நெருங்கி வந்தது. ஒரு பேர், மூன்று தடவை. ஒரு சின்ன இடைவெளி. அடுத்த பேர், மூன்று தடவை. இரண்டுக்கு நடுவில் ஒரு செருமல், தொண்டையில் முள் சிக்கின மாதிரி.

மூக்கம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

அது அவளுடைய செருமல்.

அவள் குரல்தான். பேரின் கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சம் மேலே தூக்கி விடுகிற அந்த இழுப்பு. வயசுப் பொண்ணாக இருந்தபோதே தோழிகள் பழித்துக் காட்டிய இழுப்பு. நேற்றைய கம்மல்கூட இல்லை. சுத்தமாக, கணீரென்று இருந்தது. யாருடா அது என்று கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை. வயிறு ஒட்டிக்கொள்ளும்வரை தம் பிடித்துக் கத்தினாள். தொண்டையில் ஒன்றுமே இல்லை, தண்ணீர் வற்றிய குழாய் மாதிரி.

வெளியே குரல் மேல் வரிசைக்கு ஏறியது.

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செல்வமுருகன் சொன்னது மறக்கவில்லை. ஆனால் அது யாரென்று பார்க்காமல் இனி அவளால் படுக்க முடியாது. படிப்படியாக ஏறும் பூண்டுப் பாத்திகளின் வரப்பு வழியே குறுக்கே ஏறினாள். மஞ்சுக்குள் கைநீட்டினால் கை தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வட்டம். வெள்ளையாக. பிளந்து. ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து "காய்ச்சல் இல்லேக்கா, எல்லாரும் நல்லாருக்கோம்" என்று ஒரு பெண் சொல்வது கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது.

மேல் வரிசையின் கடைசி வீடு பாண்டியம்மாளுடையது. தனிக்கட்டைக் கிழவி. அங்கே மட்டும் சுவர் வெறுமையாக இருந்தது. மூக்கம்மா கதவைத் தட்டினாள்.

"போ." உள்ளேயிருந்து வந்தது. "மூணு என்ன, முப்பது குரல் குடுத்தாலும் பாண்டியம்மா வாயைத் தொறக்க மாட்டா. இப்பத்தானே தொண்டை கிழியக் கூப்புட்டே? இப்ப தட்டிப் பாக்குறியோ?"

மூக்கம்மா முகமூடியைக் கழற்றி, கதவு இடுக்கில் முகத்தை வைத்தாள். வாயைத் திறந்து காட்டினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

இடுக்கில் ஒரு கண் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தது.

"ஏடி மூக்கம்மா, நெசமாவே நீதானா?"

தலையை ஆட்டினாள்.

"நீ இங்க நிக்கிறே. அங்க கீழ நீ கூப்புட்டுக்கிட்டுப் போறே." கிழவியின் குரல் இறங்கிவிட்டது. "மழை பிடிச்ச நாளுலேர்ந்து அது வருதுடி. மொதல்ல யாரு குரலும் இல்லாம, வெறும் காத்து மாதிரி. ரெண்டு குரல் குடுக்கும், நிக்கும், போயிரும். ஒருத்தரும் பதில் குடுக்கல. தகரம் அடிச்ச வீட்டுக்குள்ள எலி பூர முடியாத மாதிரி சுத்திச் சுத்தி வந்துச்சு. இப்ப மூணு குரல் குடுக்குது. அதுக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?"

மூக்கம்மாவின் கை கதவிலிருந்து நழுவி விழுந்தது.

ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு வாசலிலும். மூன்று மூன்றாக. பின்னால் மஞ்சுக்குள் எது நின்று கேட்டுக்கொண்டிருந்தது?

"அங்க பாரு," என்றாள் பாண்டியம்மாள்.

கீழே மஞ்சு ஒரு இடத்தில் கொஞ்சம் விலகியது. மஞ்சள் கோட்டு ஒன்று தெரிந்தது. முதுகுதான். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வரிசை வீடுகளை முடித்துவிட்டு அது ஓடைப் பாதையில் இறங்கியது. அலுத்துப்போன, பழகிய நடை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் நடக்கிற நடை.

ஓடைப் பாதையில் இருப்பது ஒரே வீடு.

மூக்கம்மா ஓடினாள்.

பாதையில் அல்ல. பாத்திக்குப் பாத்தி குதித்து, பூண்டுச் செடிகளை மிதித்து, சீகை மரங்களுக்குள் விழுந்து எழுந்து. பூட்ஸ் ஒன்று சேற்றோடு போயிற்று. முட்டி கல்லில் அடித்தது. வலி தெரியவில்லை. கலை, கலை, கலை என்று உள்ளுக்குள் கத்தினாள். வாய்வழியாக வெறும் மூச்சு வந்தது. இடப்பக்கம், பாதையில், சீராக ஒரு பூட்ஸ் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது அவசரப்படவில்லை.

வீடு. இருட்டவில்லை இன்னும். ஜன்னல் இடுக்கில் வெளிச்சக் கோடு. சுவர் வெறுமை.

முந்திவிட்டாள்.

கதவை அடித்தாள். இரண்டு கையாலும்.

உள்ளே பாய் சரசரத்தது. "யாரு?"

அடித்தாள்.

"யாரு அது? பேசுங்க."

வாயைத் திறந்தாள். காற்று.

"அம்மா இல்லாமத் தொறக்க மாட்டேன். போயிருங்க." கலைமணியின் குரல் உடைந்தது. "புள்ளத்தாச்சிங்க நான். தயவு பண்ணிப் போயிருங்க."

பையைத் துழாவினாள். சாக்பீஸ். கதவிலேயே எழுதினாள். பேசாதே. யார் கூப்பிட்டாலும் பேசாதே. ஈரக் கதவில் எழுத்து வழிந்தது. வெளியே எழுதினது உள்ளே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்குப் போய் முகத்தைக் காட்டலாமென்றால், அதற்குள் அது கதவுக்கு வந்துவிடும். நகத்தால் கதவைப் பிறாண்டினாள். உள்ளே மகள் அழத் தொடங்கினாள். அம்மாவை நினைத்துத்தான் அந்த அழுகை. வெளியே நிற்கிற அதே அம்மாவுக்குப் பயந்துதான்.

பூட்ஸ் சத்தம் நின்றது. வேலியடியில்.

செருமல்.

"கலைமணி..."

மூக்கம்மா கதவோடு ஒட்டிக்கொண்டாள். பேசாதே. பேசாதேடி.

"கலைமணி..."

உள்ளே அழுகை நின்றது. கேட்கிறாள்.

"கலைமணி..."

"யம்மா!" எத்தனை நிம்மதி அந்தக் குரலில். "யம்மா, வெரசா வாம்மா. கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்கம்மா. பேச மாட்டேங்கிறாங்க, கதவைப் பிறாண்டுறாங்க, பயமாருக்கும்மா."

"பயப்படாத புள்ள," என்றது மூக்கம்மாவின் குரல். கனிவாக. "இந்தா வந்துட்டேன். உள்ள இருக்கிற தொரை ஒதைக்கிறாரா?"

"ஒதைக்கிறாரும்மா." அழுகையோடு ஒரு சிரிப்பு. "இரு, கதவைத் தொறக்குறேன்."

உள்தாழ்ப்பாள் விலகியது.

கதவின் இரும்பு வளையத்தை மூக்கம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலைச் சுவரில் ஊன்றித் தன் பக்கம் இழுத்தாள். உள்ளே மகள் இழுத்தாள். விரலளவு இடுக்கு திறந்தது. மூக்கம்மா இழுத்தாள். மூடியது. தேய்ந்த தோள் எரிந்தது.

"யம்மா, யாரோ வெளிய பிடிச்சுக்கிட்டுத் தொறக்க விட மாட்டேங்கிறாங்கம்மா!"

வேலிப் படல் கிரீச்சிட்டது.

பூட்ஸ் வாசலுக்கு வந்தது. ஈரம். பூண்டு வாடை. ப்ளீச்சிங் பவுடர் வாடை. முதுகுக்குப் பின்னால் நின்றது. காதோரம் மூச்சு பட்டது. சூடே இல்லாத மூச்சு. மூக்கம்மா திரும்பவில்லை. வளையத்தை விட்டால்தானே திரும்ப முடியும். கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு திறந்தாள். அவள் தோளுக்கு மேலாக ஒரு மஞ்சள் கை நீண்டு போனது. கதவுக்குப் பக்கத்தில், சுவரில், சாக்பீஸ் உரசியது. நிதானமாக. ஒரு வட்டம். ஒரு உயரத்துக்கு மேல் கை எழும்பவில்லை. வட்டம் மூடவில்லை.

உள்ளே கலைமணி இழுப்பதை நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஓடைகூட.

"யம்மா," என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, சின்னப் பிள்ளை மாதிரி. "குளுருதும்மா."

மூக்கம்மாவின் பிடிக்குள் வளையம் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, விரல் நுனியால் யாரோ தட்டுகிற மாதிரி. பிறகு கதவே ஆடியது.

கடகட. கடகட. கடகட.